ஜப்பான்ல 56 அடிச்சவரு அமெரிக்காவுல எத்தன அடிப்பாரு?

போன இதழ்ல, அமெரிக்காவுல கலக்கற ஜப்பான் பேஸ்பால்காரரு ஒஹ்தானி பத்தி ஒரு பக்கம் எழுதுனதுக்கு இத்தன கேள்வி வரும்னு நெனைக்கவே இல்லீங்க, அதுவும் பாதிக்கு மேல திருப்பூர் ஈரோடு பக்கமிருந்து. பேஸ்பால் பாக்காதவங்களுக்கு ஒரு வரி: பந்து வீசுறவரு பிட்சர், வேலிய தாண்டி அடிச்சா ஹோம் ரன், மூணு ஸ்ட்ரைக் ஆயிட்டா ஸ்ட்ரைக் அவுட். இந்தப் பக்கத்துக்கு அது போதும்.

ஏனுங்க, நான் பனியன் கம்பெனில மெர்சன்டைசருங்க. இன்ஸ்பெக்சனுக்கு வந்த பையரு சிகாகோக்காரரு, ஜப்பான்ல ஒரே சீசன்ல 56 ஹோம் ரன் அடிச்ச முராகாமிய எங்க டீம் சல்லிசா புடிச்சுட்டோம்னு ஒரே பெருமை. நெசமாலுமே சல்லிசுங்களா?
— பேர் வேண்டாம்னு சொன்ன வாசகர், திருப்பூர்

சல்லிசு தானுங்க, ஆனா ஏன் சல்லிசுன்னு பாக்கோணும். முனேடகா முராகாமி 2022ல 56 அடிச்சு, 1964ல சடஹாரு ஓ அடிச்ச 55ஐ தாண்டுனாரு, அப்ப வயசு 22, ட்ரிபிள் கிரவுனும் (ஆவரேஜ், ஹோம் ரன், ரன் எடுக்க வெக்கறது மூணுலயும் லீக்ல மொத எடம்) வாங்குனாரு. அப்பிடிப்பட்டவருக்கு சிகாகோ ஒயிட் சாக்ஸ் குடுத்தது 2 வருசத்துக்கு 34 மில்லியன் டாலர். அதே சமயத்துல கசுமா ஒகாமோட்டோன்னு இன்னொருத்தரு, ஒரு சீசன்ல அதிகபட்சம் 41 தான், வயசும் மூணு நாலு எச்சா, அவருக்கு டொரோண்டோ ப்ளூ ஜேஸ் 4 வருசம் 60 மில்லியன் குடுத்துருக்காங்க. ஹோம் ரன்ன மட்டும் எண்ணிப் பாத்தா இது தலைகீழா இருக்குதுங்களா?

வித்தியாசம் ஸ்ட்ரைக் அவுட்லதாங்க. முராகாமி ஜப்பான்லயே கடைசி மூணு சீசன்லயும் நாலு தடவ பேட்ட எடுத்துட்டு வந்தா ஒரு தடவைக்கு மேல ஸ்ட்ரைக் அவுட் ஆனாரு, ஒகாமோட்டோ 2025ல அதுல பாதி கூட ஆகல. அமெரிக்காவுல ஃபாஸ்ட்பால் சராசரி வேகமே மணிக்கு 150 கிலோமீட்டருக்கு மேல, ஜப்பான்ல அதவிட நாலஞ்சு கம்மி, அந்த நாலஞ்சு கேக்க சின்னதா இருக்கும், ஆனா பேட்ட சுத்தலாமா வேண்டாமான்னு முடிவு பண்ற நேரத்துல அது பெருசுங்க. ஜப்பான்லயே பந்த கோட்ட விடறவரு அங்க இன்னும் எச்சா விடுவாரு, அதத்தான் டீம் ஓனருங்க வெலைல கழிச்சிருக்காங்க.

அப்ப ஹோம் ரன் எல்லாருக்குமே கொறையுதுங்களா? ஒரு கணக்கு சொல்லுங்களேன்.
— கல்லூரி மாணவர், பெருந்துறை

கிட்டத்தட்ட எல்லாருக்கும் தம்பி. ஹிடேகி மட்சுயி 2002ல ஜப்பான்ல 50 அடிச்சாரு, அடுத்த வருசம் அமெரிக்காவுல யாங்கீஸ் டீமுக்கு 163 மேட்ச் ஆடி 16. கசுவோ மட்சுயி (சொந்தம் இல்லீங்க, பேரு மட்டும் ஒண்ணு) 33 அடிச்சுட்டு மெட்ஸ்க்கு போனாரு, 7. செய்யா சுசுகி 38ல இருந்து 14, நடுவுல காயமும் உண்டு. ஷோகோ அக்கியாமா 20 அடிச்சவரு, சின்சினாட்டில ரெண்டு சீசன் ஆடியும் ஒண்ணு கூட வேலி தாண்டல.

சுத்தமா பாதியாக்கிக்கோன்னு சிலரு சொல்லுவாங்க, அந்த மாதிரி ஒரே பெருக்கல் கணக்கு போட்டு எல்லாரையும் தள்ளறதுல எனக்கு நம்பிக்கை கெடையாது, ஏன்னா பந்து ஒரே பந்து இல்ல, மைதானம் ஒரே மைதானம் இல்ல. முராகாமி ஆடுன ஜிங்கு மைதானம் சின்னது, அங்க போற பந்து வேற ஊருல கேட்ச். 2011ல ஜப்பான் லீக்ல பந்தையே மாத்தி தூரம் போகாத பந்தா கொண்டாந்தாங்க, ஹோம் ரன்னு பயங்கரமா கொறஞ்சு போச்சு, அந்த வருசம் டார்விஷ்ங்கற பிட்சரோட ஈ.ஆர்.ஏ 1.44, அதாவது ஒம்போது இன்னிங்ஸ்க்கு ஒண்ணரை ரன் கூட குடுக்கல. அத அப்படியே எடுத்துக்கிட்டா ஏமாந்துருவோம், அடுத்த வருசம் டெக்ஸஸ்ல அவருக்கு 3.90. அப்பறம் 2013ல யாருகிட்டயும் சொல்லாம பந்த மறுபடி கொஞ்சம் துள்ளலாக்கி, அது வெளிய வந்து, லீக் கமிஷனரே பதவிய விட்டுப் போகற அளவுக்கு ஆச்சு. அதனால எந்த வருசத்து நம்பரு, எந்த ஊரு மைதானத்து நம்பருன்னு மொதல்ல கேக்கோணும்.

கம்ப்யூட்டர்ல போட்டு கணிக்கறாங்களே, அது எப்படி சார்?
— ஈரோடு வாசகி

அடிப்படை ரொம்ப சுலபம்ங்க. ரெண்டு லீக்லயும் ஆடுனவங்கள எடுத்து, இங்க இவ்வளவு அங்க இவ்வளவுன்னு ஒப்பிட்டு, வயசுக்கும் மைதானத்துக்கும் கூட்டிக் கழிச்சு ஒரு விகிதம் புடிக்கறது. சிக்கல் என்னன்னா ஜப்பான்ல இருந்து போறவங்க அங்க இருக்கறதுலயே நல்லவங்க, அமெரிக்காவுல இருந்து ஜப்பான் போறவங்க பெரும்பாலும் அங்க எடம் கெடைக்காதவங்க, ரெண்டு கூட்டத்தையும் ஒட்டுக்கா போட்டு அரைச்சா விகிதம் கோணலா வரும். வ்ளாடிமிர் பாலன்டியென் அமெரிக்காவுல .221 தான் அடிச்சாரு (ஆயிரம் தடவைக்கு 221 ஹிட்; ஹிட்னா பந்த அடிச்சுட்டு அவுட் ஆகாம பேஸ்க்கு போய்ச் சேர்றது), ஜப்பான் போயி 2013ல 60 ஹோம் ரன்! அவர வெச்சு ஜப்பான் லீக்கு லேசுன்னு முடிவு கட்டறதா, இல்ல மனுசன் அங்க போயி தேறுனாருன்னு எடுத்துக்கறதா? எனக்கு ரெண்டாவதும் பாதி உண்மைன்னு தோணும். ஆளுங்களும் கம்மி, நேரா ஜப்பான் லீக்ல இருந்து போன நல்ல பேட்டருங்கள விரல் விட்டே எண்ணிரலாம், அத வெச்சுகிட்டு பாயிண்டுக்கு பொறவு ரெண்டு எலக்கம் வரைக்கும் கணிக்கறது காமெடிங்க.

நம்ம நடராஜன் டிஎன்பிஎல்ல இருந்து ஐபிஎல் போனாப்ல தான இதுவும்?
— வாசகர், எடப்பாடி

அருமையான கேள்விங்க, நான் சொல்ல வந்தத நீங்களே சொல்லிட்டீங்க. சின்னப்பம்பட்டிக்காரரு டிஎன்பிஎல் யார்க்கர வெச்சு 2017ல பஞ்சாப்புக்கு 3 கோடிக்கு போனாரு, 6 மேட்ச், 2 விக்கெட், அதோட முடிஞ்சுதுன்னு நம்மூர் டீக்கடைலயே பேசுனாங்க. 2020ல ஹைதராபாத்துக்கு அதே யார்க்கர்ல 16 விக்கெட், ஒடனே ஆஸ்திரேலியாவுல மூணு ஃபார்மேட்லயும் எறங்குனாரு. வெலைய மட்டும் பாத்தாலும் குழப்பந்தான், 2023ல சாய் சுதர்சனுக்கு கோவை கிங்ஸ் குடுத்தது 21.6 லட்சம், அப்ப ஐபிஎல்ல அவரு சம்பளம் 20 லட்சம்! சின்ன லீக்ல எத்தன விக்கெட்டுங்கறத விட, எந்தப் பந்து பெரிய லீக்லயும் செல்லும்னு பாக்கறது தான் வேல. அங்க மட்சுயியும் 16க்கு அடுத்த வருசம் 31 அடிச்சாரு.

பிட்சருங்க மட்டும் போன ஒடனே கலக்கறாங்களே, ஏன்?
— உடற்கல்வி ஆசிரியர், கோபி

பேட்டரு வர்ற பந்துக்கு பதில் சொல்லோணும், பிட்சரு கேள்விய கையிலயே வெச்சிருக்காருங்க. அதுலயும் ஃபோர்க்பால், ஸ்பிளிட்டர்னு கடைசி நேரத்துல கீழ விழுகற பந்து ஜப்பான்ல ரொம்ப நாளா ஊறுனது, அமெரிக்க பேட்டருங்களுக்கு அது அவ்வளவா பழக்கமில்ல. ஹிடேயோ நோமோ 1995ல டாட்ஜர்ஸ்க்கு வந்த வருசமே 236 ஸ்ட்ரைக் அவுட், ஈ.ஆர்.ஏ 2.54. டனாக்கா 2013ல ஜப்பான்ல 24 ஜெயிச்சு ஒண்ணு கூட தோக்காம போயி மொத வருசம் 2.77. செங்கா 2023ல 2.98, இமனாகா 2024ல 2.91. யமமோட்டோவ மொத மேட்ச்ல சியோல்ல ஒரே இன்னிங்ஸ்ல 5 ரன் அடிச்சு அனுப்புனாங்க, டாட்ஜர்ஸ் அவருக்கு குடுத்த 325 மில்லியன் டாலர் தண்டம்னு அன்னிக்கே எழுதுனாங்க, 2025 வேர்ல்ட் சீரீஸ்ல (அமெரிக்க லீக்கோட ஃபைனல்) எம்விபி, அதாவது தொடர் நாயகன், யாருன்னு பாத்தீங்கல்ல, அவரேதான்.

ஆனா கேய் இகாவா இருக்காருங்களே. பேச்சுவார்த்தை நடத்தற உரிமைக்கு மட்டும் யாங்கீஸ் 26 மில்லியன் கட்டுனாங்க, சம்பளம் தனியா 20 மில்லியன், கடைசில ஈ.ஆர்.ஏ 6.66. வேகமும் கம்மி, குறியும் தப்புச்சு, அது ரெண்டும் இல்லாம ஜப்பான் ஸ்ட்ரைக் அவுட் கணக்க நம்புனா அப்படித்தான். இன்னொண்ணு, அமெரிக்கப் பந்து வழுக்கும், டெலவேர் ஆத்துப் பக்கத்துச் சேத்த பூசித்தான் மேட்ச்சுக்கு கொண்டு வருவாங்க, ஜப்பான் பந்து கைல ஒட்டும். ஜப்பான்ல வாரத்துக்கு ஒருக்கா வீசுனா போதும், அங்க அஞ்சாறு நாளைக்கு ஒருக்கா. மட்சுசகா, டார்விஷ், ஒஹ்தானி எல்லாருமே அங்க போயி முழங்கை ஆபரேசன் பண்ணிகிட்டவங்க, அதனால பிட்சருக்கு மொத வருசத்த கணிக்கறது பரவால்ல, நாலாவது வருசத்த சொல்றது தான் கஷ்டம்.

இச்சிரோ மட்டும் எப்படி தப்பிச்சாரு?
— வாசகர், பொள்ளாச்சி

தப்பிக்கலீங்க, அவருக்கும் ஹோம் ரன் கொறஞ்சுது. ஜப்பான்ல 1995ல 25 அடிச்சவரு 2001ல சியாட்டில்ல 8 தான். ஆனா 242 ஹிட், சீசன் முழுக்க ஸ்ட்ரைக் அவுட் 53! பந்த பேட்டுல வெக்கற கை அப்படியே கூடப் போச்சு, தூரம் மட்டும் கொறஞ்சுது. 2004ல 262 ஹிட் அடிச்சு 1920லருந்து இருந்த ரெக்கார்ட ஒடைச்சாரு.

ஒஹ்தானிய யாராச்சும் சரியா கணிச்சாங்களா?
— பத்தாம் வகுப்பு மாணவி, தாராபுரம்

இல்ல கண்ணு, ஒருத்தரும் இல்ல. ஜப்பான்ல அஞ்சு வருசத்துக்கும் சேத்து 48 ஹோம் ரன், 2024ல ஒரே சீசன்ல 54. 2018ல அமெரிக்கா போன ஒடனே பயிற்சி மேட்ச்ல 32 தடவைல 4 ஹிட், பள்ளிக்கூட பையனாட்ட ஆடறாருன்னு கூட பேசுனாங்க. சீசன் ஆரம்பிக்கற முன்னாடி கால தூக்கி அடிக்கறத விட்டுட்டு நுனிக்கால் மட்டும் வெச்சு அடிக்க மாத்துனாரு, அந்த வருசம் 22. அந்த மாதிரி மாத்திக்கற புத்திய எந்தக் கணக்குலயும் போட முடியாது.

சுத்தி வளைக்காம சொல்லுங்க, முராகாமிக்கு மொத வருசம் எத்தன? பையரு கூட பந்தயம் கட்டிருக்கேன்.
— மறுபடியும் அதே திருப்பூர் வாசகர்

முழு சீசன் ஆடுனா 20க்கும் 30க்கும் நடுவுல, பேட்டிங் ஆவரேஜ் பாக்கற மாதிரி இருக்காது, ஸ்ட்ரைக் அவுட் மூணுல ஒண்ணு. 40ன்னு கட்டிருந்தீங்கன்னா பையருகிட்ட இப்பவே பேசி ரத்து பண்ணிக்குங்க, ஆர்டர்ல புடிச்சுக்கப் போறாரு.