பவர் பிரஸ்ஸில் எந்தெந்தப் பொருட்களை அடிக்கலாம்?

தகட்டை அச்சில் அடித்து வடிவமாக்கும் 50 டன் சி-ஃபிரேம் (சி எழுத்து வடிவச் சட்டகமுள்ள) பவர் பிரஸ் ஒன்றை வாங்கவிருப்பதாகவும், சாதாரண இரும்புத் தகட்டைத் தவிர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், அலுமினியம், பித்தளை, ரப்பர், ஹைலம் (தாளையோ துணியையோ பிசினோடு அழுத்திச் செய்த மின்காப்புத் தகடு) ஆகியவற்றையும் அதில் அடிக்க முடியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். முடியும் என்பதே சுருக்கமான பதில். ஆனால் பொருளின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு இந்தக் கேள்விக்கு யாரும் பொறுப்பாகப் பதில் சொல்ல முடியாது. அதே அலுமினியம் ஒரு டெம்பரில் (கடினத்தன்மை நிலையில்) வெண்ணெயாக வெட்டுப்படும். இன்னொரு டெம்பரில் வளைக்கும் இடத்திலேயே விரிசல் விடும். பொருள் எந்த நிலையில் வருகிறது, எத்தனை மி.மீ. தடிமன், அதை வெட்டப் போகிறோமா, வளைக்கப் போகிறோமா, கிண்ணமாக இழுக்கப் போகிறோமா என்ற மூன்றும் தெரிந்த பிறகுதான் பிரஸ்ஸைப் பற்றிப் பேச முடியும். கோவையில் டை (தகட்டை வெட்டி வடிவமாக்கும் அச்சு) வடிவமைப்பில் இருப்பவன் என்ற முறையில், நான் அன்றாடம் பார்க்கும் பொருட்களை வைத்தே இதை விளக்குகிறேன்.

முதலில் கணக்கு. பிளாங்கிங்குக்கும் (தகட்டிலிருந்து உருவை வெட்டி எடுப்பது) பியர்சிங்குக்கும் (துளையிடுவது) தேவைப்படும் விசை என்பது வெட்டும் சுற்றளவு, தடிமன், பொருளின் வெட்டு வலிமை ஆகிய மூன்றின் பெருக்கல். 100 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தை 2 மி.மீ. தகட்டில் வெட்டுவதாக வைத்துக்கொள்வோம். சுற்றளவு 314 மி.மீ. மைல்டு ஸ்டீலின் வெட்டு வலிமையைச் சதுர மி.மீ.க்கு ஏறத்தாழ 35 கிலோ என்று எடுத்தால் 22 டன் வருகிறது. அதே வட்டத்துக்கு மென்மையான அலுமினியத்தில் நாலரை டன் போதும். மென்மையான செம்பில் 10 டன், பித்தளையில் 15 டன் என்ற அளவில் இருக்கும். 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 33 டன்னைத் தொடும். இதன் மேல் ஸ்ட்ரிப்பர் ஸ்பிரிங்குக்கும் (வெட்டிய தகட்டைப் பஞ்ச்சிலிருந்து கழற்றுவது), பஞ்ச் (டைக்குள் இறங்கி வெட்டும் மேல்பகுதி) மழுங்குவதால் கூடும் விசைக்கும் சேர்த்துக் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு கையிருப்பு வைக்க வேண்டும். ஆகவே உங்கள் 50 டன் பிரஸ்ஸுக்கு இந்த 304 வட்டம் கிட்டத்தட்ட எல்லை. பஞ்ச் முகத்தைச் சற்றுச் சாய்வாகத் தீட்டினால் வெட்டு ஒரே கணத்தில் நிகழாமல் படிப்படியாக நிகழும் என்பதால் விசையைக் கணிசமாகக் குறைக்கலாம். ஆனால் வெட்டி எடுக்கும் துண்டு சற்று வளைந்து வரும்.

இந்த 50 டன் என்பது ஸ்ட்ரோக் (பஞ்ச்சைத் தாங்கும் ரேம் மேலும் கீழும் நகரும் தூரம்) முழுவதும் கிடைப்பதன்று என்பதை விற்பவர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. கிராங்க் வகைப் பிரஸ்ஸில் முழு விசையும் ரேம் அடிமட்டத்தை நெருங்கும் கடைசிச் சில மி.மீ.களில் மட்டுமே கிடைக்கும். ஸ்ட்ரோக்கின் நடுவில் அது பாதிக்கும் கீழே இறங்கிவிடும். தகடு வெட்டுவதற்கு இதனால் தொல்லை இல்லை, வெட்டு அடியில்தான் நடக்கிறது. ஆழமாக இழுக்கும் கிண்ண வேலையிலோ விசை உயரத்திலேயே தேவைப்படுகிறது. பாத்திரத் தொழிலில் ஆழமான உருப்படிகளுக்கு ஹைட்ராலிக் பிரஸ்ஸை நாடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

மைல்டு ஸ்டீலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எந்தப் பிரஸ் கடையிலும் பெரும்பகுதி வேலை அதுதான். குளிர் உருட்டுத் (சி.ஆர்.) தகட்டுக்கு ஐ.எஸ். 513 என்ற இந்தியத் தரநிலையும், சூடான நிலையில் உருட்டிய (எச்.ஆர்.) தகட்டுக்கு ஐ.எஸ். 1079 தரநிலையும் உள்ளன. வாஷர், கிளாம்ப், பிராக்கெட் போன்றவற்றுக்கு சி.ஆர்.1 போதுமானது. கிண்ணம் போல இழுக்கும் உருப்படிக்கு அதே தகட்டைப் போட்டால் மூலையில் கிழியும், அங்கே சி.ஆர்.3, சி.ஆர்.4 வகைகள் வேண்டும். எச்.ஆர். தகட்டின் மேலிருக்கும் கருஞ்செதில் உப்புத்தாள் போல டையை அரிக்கும் என்பதால், பிக்லிங் (அமிலத்தால் செதில் நீக்குதல்) செய்து எண்ணெய் பூசிய தகடு விலை கூடினாலும் கடைசியில் மலிவாகவே முடியும். வளைப்பு வேலையில் உருட்டிய திசைக்குக் குறுக்கே வளைப்புக் கோடு அமையுமாறு பிளாங்கை (வெட்டி எடுக்கும் துண்டை) அடுக்க வேண்டும். தகடு மிச்சமாகிறதே என்று திருப்பி அடுக்கினால் வளைவின் வெளிப்புறம் வெடிக்கும். ஜி.பி. தகடு எனப்படும் துத்தநாகம் பூசிய தகட்டையும் தாராளமாக அடிக்கலாம். பூச்சு உதிர்ந்து டையில் ஒட்டுவதால் அடிக்கடி துடைக்க வேண்டியிருக்கும், அவ்வளவே.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 304 வகைக்கு ஒரு குணம் உண்டு: அடிக்க அடிக்க அது இறுகும். முதல் டிராவில் (இழுப்பில்) நன்றாக வந்த கிண்ணம், அனீலிங் (சூடாக்கி மென்மையாக்குதல்) செய்யாமல் அடுத்தடுத்த டிராக்களுக்குப் போனால் கிழிந்துவிடும். அதன் மேற்பரப்பு டையுடன் ஒட்டிக்கொண்டு கீறலும் விழும். அதனால் டிரா டைகளில் அலுமினியம் பிரான்ஸ் பொருத்துவதும் அடர்த்தியான டிராயிங் எண்ணெய் பூசுவதும் வழக்கம். காந்தத்தை வைத்து 304 அசலா என்று சோதிப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று, தகடாக இருக்கும்போது ஒட்டாத காந்தம், ஆழமாக இழுத்த பிறகு அதே 304 இன் விளிம்பில் லேசாக ஒட்டும் என்பது. இழுப்பினால் உட்கட்டமைப்பின் ஒரு பகுதி மாறுவதே காரணம். அதை வைத்துப் பொருள் போலி என்று திருப்பி அனுப்ப வேண்டாம். நிக்கல் குறைந்த 200 தொடர் வகைகள் மலிவானவை. ஆனால் ஆழமாக இழுத்து வைத்த உருப்படி பிரஸ்ஸை விட்டு வெளியே வந்து சில மணி நேரமோ சில நாட்களோ கழிந்த பின் விளிம்பில் தானாக வெடிக்கும் தொல்லை இவற்றில் அதிகம். நிக்கலே இல்லாத 430 போன்ற ஃபெரிட்டிக் வகைகள் வெட்டுவதற்கும் அழுத்துவதற்கும் 304 ஐ விட இணக்கமானவை. நம் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் நாணயங்கள் 17 சதவீதக் குரோமியம் கொண்ட ஃபெரிட்டிக் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் அச்சடிக்கப்படுவதை இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்லலாம்.

அலுமினியத்துக்கு விசை குறைவு என்பதால் எளிது என்று எண்ணிவிடக் கூடாது. அதன் மீள்தன்மைக் கெழு (வளையாமல் எதிர்க்கும் விறைப்பு) எஃகினுடையதில் மூன்றில் ஒரு பங்குதான். ஆகவே ஒத்த வலிமையுள்ள எஃகை விட வளைத்த கோணம் அதிகமாகத் திரும்பி விரியும். டையில் அதற்கேற்பக் கூடுதலாக வளைக்க இடம் விட வேண்டும். மென்மையான 1100 ஓ டெம்பர் எதற்கும் வளைந்து கொடுக்கும், பாதி இறுகிய எச்14 ஓரளவு கொடுக்கும், வெப்பப் பதத்தால் வலுவாக்கிய 6061 டி6 ஐக் கூர்மையாக வளைத்தால் வெடிக்கும். பஞ்ச்சில் அலுமினியம் ஒட்டாமலிருக்கப் பல கடைகளில் மண்ணெண்ணெய் பூசுகிறார்கள். அது வேலை செய்கிறது, தீ விபத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

செம்பும் பித்தளையும் பிரஸ் வேலைக்கு உகந்த உலோகங்கள். மின்சார டெர்மினல், பஸ்பார், சுவிட்ச் உறுப்புகள் எல்லாம் இவற்றில்தான் வருகின்றன. ஆழமாக இழுக்க 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கொண்ட பித்தளை மிகச் சிறந்தது. துப்பாக்கித் தோட்டாவின் உறை அதில்தான் இழுக்கப்படுகிறது. அந்த உறைகளுக்கே நம் நாட்டோடு தொடர்புடைய ஒரு வரலாறு உண்டு. ஆங்கிலேயர் காலத்தில் இந்தியாவில் குதிரை லாயங்களை ஒட்டிச் சேமித்து வைத்திருந்த தோட்டா உறைகள் மழைக்காலத்தில் தாமாக விரிசல் விட்டன. பிரஸ்ஸில் இழுத்தபோது உலோகத்துக்குள் தங்கிவிட்ட இறுக்கமும், குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியாவும், ஈரமும் சேர்ந்து அதைச் செய்தன என்பது 1920-களின் தொடக்கத்தில் தெளிவாக்கப்பட்டது. இன்றும் ஆழமாக இழுத்த பித்தளை உருப்படிகளைச் சுமார் 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வைத்து அந்த இறுக்கத்தைத் தளர்த்திவிட்டே அனுப்புகிறோம்.

எங்கள் ஊரைப் பொறுத்தவரை பவர் பிரஸ் என்றதும் நினைவுக்கு வருவது பம்ப் மோட்டார் ஸ்டாம்பிங். ஐ.எஸ். 648 தரநிலையின்கீழ் வரும் சிலிக்கான் எஃகுத் தகட்டை, பெரும்பாலும் 0.5 மி.மீ. தடிமனில், ஸ்டேட்டர் (மோட்டாரின் அசையாத பகுதி), ரோட்டர் (சுழலும் பகுதி) வடிவங்களாக வெட்டி அடுக்குகிறார்கள். விசைக் கணக்கில் இது பெரிய வேலையாகத் தோன்றாது. ஆனால் பஞ்ச்சுக்கும் டைக்கும் இடையே ஒரு பக்கத்துக்கு விட வேண்டிய இடைவெளி, தடிமனில் 5 சதவீதம் என்று கொண்டால், 0.025 மி.மீ. மட்டுமே. ரேம் கைடு (ரேமை நேராக வழிநடத்தும் பகுதி) தேய்ந்த பழைய பிரஸ்ஸில் அந்த இடைவெளியைக் காப்பாற்றவே முடியாது. ஒரு பக்கம் உரசும், மறுபக்கம் பிசிறு எழும். மற்ற உருப்படிகளில் பிசிறைத் தேய்த்து எடுத்துவிடலாம். ஸ்டாம்பிங்கில் அந்தப் பிசிறு ஒரு தகட்டின் காப்புப் பூச்சைத் துளைத்து அடுத்த தகட்டைத் தொட்டுவிடுகிறது; அந்த வழியே சுழல் மின்னோட்டம் பாய்ந்து மோட்டார் சூடாகிறது, மின்சாரம் வீணாகிறது. பல மீட்டர் ஆழக் கிணற்றுக்குள் கிடக்கும் சப்மெர்சிபிள் மோட்டாரின் செயல்திறன் டை ஃபிட்டர் தீட்டும் விளிம்பில் தொடங்குகிறது என்றால் மிகையில்லை. சிலிக்கான் கலந்திருப்பதாலும் மேற்பூச்சாலும் இந்தத் தகடு டையை வேகமாகத் தேய்க்கும். எச்.சி.எச்.சி.ஆர். (கார்பனும் குரோமியமும் மிகுந்த) எஃகில் செய்த டையை அடிக்கடி தீட்ட வேண்டியிருக்கும் என்பதால், எண்ணிக்கை பெரிதாக இருந்தால் கார்பைடு டைக்குப் போவதே நல்லது. இந்த வேலையில் இறங்க நினைத்தால் டன் அளவைவிட ரேம் கைடின் துல்லியத்துக்கும் வேகத்துக்கும் பணம் கொடுங்கள். சாதாரண சி-ஃபிரேம் பிரஸ் அதற்கு ஏற்றதன்று என்பது என் கருத்து.

கார் தொழிற்சாலைகளுக்குப் போகும் உயர்வலிமை எஃகில் வேறொரு ஆபத்து இருக்கிறது. மேலே சொன்ன 100 மி.மீ. வட்டத்தை 2 மி.மீ. தடிமனுள்ள டி.பி.980 என்ற உயர்வலிமை எஃகுத் தகட்டில் வெட்ட ஏறத்தாழ 44 டன் ஆகும். 50 டன்னுக்குள் அடங்குகிறதே என்று தோன்றும். ஆனால் அந்தத் தகடு சட்டென உடைந்து விசை விடுபடும்போது, அதுவரை இழுபட்டிருந்த சட்டகம் பின்னோக்கித் துள்ளுகிறது. அந்த எதிர்விசையைத் தாங்குமாறு சாதாரண பிரஸ்கள் வடிவமைக்கப்படவில்லை. நட்டு தளர்வது, கனெக்டிங் ராடு பழுதாவது, கடைசியில் சட்டகமே விரிசல் விடுவது எல்லாம் இதனால் வருபவை. ஸ்பிரிங் எஃகை அனீல் செய்த நிலையில் வெட்டி, பிறகு ஹார்டனிங் (சூடாக்கிக் குளிர்வித்துக் கடினமாக்குதல்) செய்வதே முறை. போரான் எஃகை 900 டிகிரிக்கு மேல் சூடாக்கி, குளிரூட்டிய டைக்குள்ளேயே அழுத்தி இறுகச் செய்யும் ஹாட் ஸ்டாம்பிங் முற்றிலும் தனிப் பிரிவு; உங்கள் இயந்திரத்துக்கு அது பொருந்தாது.

உலோகம் அல்லாதவற்றில் ஹைலம் நல்ல வேலை. மெல்லிய தகட்டை அப்படியே வெட்டலாம். தடித்ததைச் சற்றுச் சூடாக்கி வெட்டினால்தான் ஓரம் சிதறாது. ஆறிய பின் துளை சுருங்கும் என்பதால் பஞ்ச்சைச் சற்றுப் பெரிதாகச் செய்ய வேண்டும். துளையை விளிம்புக்கு மிக அருகில் வைக்கச் சொல்லும் வரைபடத்தை ஏற்காதீர்கள். கண்ணாடி இழை கலந்த எப்பாக்ஸித் தகடு டையை விரைவில் தின்றுவிடும், விலையில் அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ரப்பர், கார்க், ஃபெல்ட், கேஸ்கெட் தாள் ஆகியவற்றுக்குப் பஞ்ச்-டை ஜோடியை விட, மரப்பலகையில் கத்தி எஃகுப் பட்டையைப் பதித்துச் செய்யும் கத்தி டை மலிவானது, சுத்தமாகவும் வெட்டும். தடித்த ரப்பரில் வெட்டு முகம் உட்குழிந்து வருவதை மட்டும் முழுவதும் தவிர்க்க முடியாது. தோலும் வெட்டலாம் என்றாலும், ஆம்பூர், ராணிப்பேட்டை காலணித் தொழிற்சாலைகளில் அதற்கென்றே கிளிக்கிங் பிரஸ் (டையை வேண்டிய இடத்தில் கையால் வைத்து வெட்டும் பிரஸ்) இருக்கிறது. ஒவ்வொரு தோலிலும் தழும்பைத் தவிர்த்து டையை நகர்த்தி வைக்க வேண்டிய வேலைக்கு நிலையான டை பூட்டிய பவர் பிரஸ் உதவாது.

வார்ப்பிரும்பு, கண்ணாடி, ஹார்டனிங் முடிந்த எஃகு, அக்ரிலிக் ஆகியவற்றைப் பிரஸ்ஸில் வைக்கவே கூடாது. இவை வெட்டுப்படாமல் நொறுங்கும். நொறுங்கிய துண்டு ஆபரேட்டரின் முகத்தை நோக்கியே பறக்கும். மெக்னீசியத் தகட்டையும் குளிர்ந்த நிலையில் கூர்மையாக வளைக்க முடியாது, 200 டிகிரிக்கு மேல் சூடாக்க வேண்டும். பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கும் துண்டுத் தகட்டில் எந்த வகை கலந்திருக்கிறது என்று தெரியாது. அதற்காக டை செய்ய வேண்டாம். உங்கள் பட்டியலில் 2 மி.மீ. தடிமனுள்ள 304 இல் 100 மி.மீ. விட்டத்துக்கு மேற்பட்ட பிளாங்க் இருந்தால் 80 டன்னையும், இல்லையென்றால் இப்போது பார்த்திருக்கும் 50 டன்னையும் எடுக்கலாம். எதை எடுத்தாலும் முழு விசை அடிமட்டத்திலிருந்து எத்தனை மி.மீ. உயரத்தில் கிடைக்கும் என்பதை விற்பவரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.