சிங்கி இறால் டின்னும் பழைய லேபிள்களும்: கேள்வி பதில்

கே: சிங்கி இறாலை டின்னில் அடைப்பது எங்கே ஆரம்பித்தது?

அமெரிக்காவில், மெய்ன் மாநிலத்து ஈஸ்ட்போர்ட்டில், 1840களின் தொடக்கத்தில். செத்த சிங்கி சீக்கிரம் கெட்டுவிடும், உயிரோடு நியூயார்க் வரை கொண்டுபோவதும் கஷ்டம், அதனால் பிடித்த கரையிலேயே வேகவைத்து அடைத்தார்கள்.

கே: என்னிடம் இருக்கும் லேபிளில் பாஸ்டன் என்று இருக்கிறது சார். அங்கே பிடித்ததுதானே?

அதை வைத்து முடிவு கட்டாதீர்கள். முதலில் பெரிய சிங்கியை மட்டும்தான் அடைத்தார்கள், 1880 வாக்கில் அரைப் பவுண்டு குஞ்சு வரை இறங்கிவிட்டார்கள். 1895ல் மெய்ன் அரசு பத்தரை அங்குலத்துக்குக் குறைந்ததைப் பிடிக்கக்கூடாது என்று சட்டம் போட்டதும், சின்னதை நம்பியிருந்த டின் தொழில் அங்கே படுத்துவிட்டது. கனடாவின் நோவா ஸ்கோஷியா, நியூ பிரன்ஸ்விக், பிரின்ஸ் எட்வர்ட் தீவுக் கரைகளில் நூற்றுக்கணக்கான ஆலைகள் இருந்தன, அமெரிக்கக் கம்பெனிகளும் அங்கே ஆலை நடத்தின. அப்புறம், சிறு ஆலைகளின் சரக்கை வாங்கிய மொத்த வியாபாரி தன் லேபிளை ஒட்டிக்கொள்வதும் உண்டு. விற்றவர் பெயர் பெரிதாக நிற்கும், ஓடு உடைத்துச் சதை எடுத்த பெண்களைப் பற்றி ஒரு வரி இருக்காது. எனக்கு அதில் நிஜமாகவே வருத்தம்.

கே: படத்தில் ஏன் எப்போதும் சிவப்பு?

வெந்த சிங்கியின் நிறம் அது. உயிரோடு இருக்கையில் கரும்பச்சையோ பழுப்போதான், சூட்டில் புரதத்தின் பிடி விட்டதும் உள்ளிருக்கும் அஸ்டாசாந்தின் நிறமி வெளியே தெரியும். அந்தக் கால லேபிள்களைக் கல்லச்சில், அதாவது கல்லில் படம் வரைந்து, அச்சிட்டார்கள்; ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கல் வேண்டும். அந்தச் சிவப்பு இன்னும் மங்காத லேபிள் கிடைத்தால் விடாதீர்கள்.

கே: டின்னுக்குள் தாள் சுற்றியிருப்பது எதற்கு அண்ணா?

லேபிளைவிட எனக்குப் பிடித்த விஷயம் இது. சிங்கிச் சதையிலுள்ள கந்தகம் தகரத்தின் இரும்போடு சேர்ந்தால் கறுத்துப்போகும், அதைத் தடுக்கத்தான் பார்ச்மென்ட் தாள். ஆனால் தாள் வைத்தும் சில டின்கள் கெட்டன. 1890களின் நடுவில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தில் சாமுவேல் பிரெஸ்காட்டும், டின் உணவுக் கம்பெனி நிறுவனர் அண்டர்வுட்டின் பேரன் வில்லியம் லைமன் அண்டர்வுட்டும் சிப்பி, சிங்கி டின்களை ஆராய்ந்து, கொதிநீரிலும் சாகாத பாக்டீரியா வித்துகள்தான் காரணம் என்று காட்டினார்கள். அழுத்தக் கொப்பரையில் சுமார் 121 டிகிரி செல்சியஸுக்குச் சூடேற்றினால் அவை சாகும். இன்றைய டின் உணவுக்கெல்லாம் அந்த வேலைதான் அடித்தளம்.

கே: லேபிளே இல்லாத டின்னின் காலத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

மேல்மூடியைப் பாருங்கள். நடுவில் சின்ன வட்டத் தகடு வைத்து ஈயத்தால் பற்றவைத்திருந்தால் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டு. ஓரம் இரட்டையாக மடித்து அழுத்தியிருந்தால் 1900க்குப் பிந்தியது.