கண்ட்ரி பாடகர்கள் மதுக்கடையையும் பாடுகிறார்கள், இயேசுவையும் பாடுகிறார்கள். இது வேஷம்தானே?

கேட்டவர் சொல்ல வந்தது இதுதான்: அமெரிக்கத் தெற்கின் நாட்டுப்புற இசையான கண்ட்ரியில் ஹாங்க் வில்லியம்ஸ் போன்ற பாடகர்கள் குடி, துரோகம் என்று பாடிவிட்டு அடுத்த பாட்டிலேயே "ஒளியைக் கண்டேன்" என்கிறார்களே, இது பக்தியா, விற்பனைத் தந்திரமா?

வேஷம் என்ற சொல்லைப் பார்த்த பிறகு பதில் எழுதாமல் கடந்துபோக மனம் வரவில்லை. டிசம்பர் பிறந்தால் ஜிம் ரீவ்ஸின் கிறிஸ்துமஸ் பாடல்கள் ஓடுகிற வீட்டில் வளர்ந்தவராக இருப்பீர்கள். அந்தக் குரலை ஆலயக் குரலாகவே பழகியவருக்கு மற்ற கண்ட்ரி பாடல்கள் அதிர்ச்சியாகத்தான் இருக்கும். மதப் பிரசாரம் என்று பின்னூட்டம் எழுத வருகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: விசுவாசத்தைப் பேசாமல் இந்த இசையை விளக்கவே முடியாது, அதனால் பேசுகிறேன்.

ஒரே ஒரு மெட்டைப் பின்தொடர்ந்து போங்கள். 1929இல் கார்ட்டர் குடும்பம் 'ஐயம் திங்கிங் டுநைட் ஆஃப் மை ப்ளூ ஐஸ்' என்ற பிரிவுப் பாட்டைப் பதிவு செய்தது. 1936இல் ராய் ஏகஃப் அதே மெட்டில் 'த கிரேட் ஸ்பெக்கிள்ட் பர்ட்' பாடினார். எரேமியா 12:9இல் பலவருணமான பட்சி என்று வருகிறதே, அதையே திருச்சபைக்கு உருவகமாக்கிய பாட்டு அது. 1952இல் ஹாங்க் தாம்சன் அதே மெட்டை மதுக்கடைக்குக் கொண்டுபோனார். அந்தப் பாட்டில், விட்டுப்போன மனைவியை நினைத்துப் புலம்பும் கணவன், மதுக்கடைப் பெண்களையும் கடவுள்தான் படைத்தார் என்று தனக்குத் தெரியாமல் போயிற்றே என்கிறான். அதே ஆண்டில் கிட்டி வெல்ஸ், மறுபடியும் அதே மெட்டில், "கடவுள்மேல் பழி போடாதே, ஆண்கள்தான் காரணம்" என்று பதில் பாடி, பில்போர்ட் கண்ட்ரி பட்டியலில் முதலிடம் பிடித்த முதல் தனிப் பாடகி ஆனார். மெட்டு ஒன்று, பாட்டு நான்கு. சுருதியின் 1, 4, 5ஆம் சுரங்களில் எழும் மூன்று கார்டில் (ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டு) நான்குமே அடங்கிவிடும். மதுக்கடைப் பாட்டிலும் கடவுள் இருக்கிறார் பாருங்கள். பாவத்துக்கு யார் பொறுப்பு என்ற வாதமே அங்கே நடக்கிறது.

இசை பிரியாமல் இருப்பதற்குக் காரணம், பாடகர்கள் படித்த பள்ளி ஒன்று. அமெரிக்கத் தெற்கில் இசை படிப்பதற்கென்று வடிவ சுரப் புத்தகங்கள் இருந்தன. ஒவ்வொரு சுரத்தின் தலைக்கும் தனி வடிவம்: டோ முக்கோணம், மி வைரம், சோல் வட்டம், லா சதுரம். சுருதி எதுவானாலும் டோவுக்கு முக்கோணம்தான். நம்மூரில் ஆதார ஷட்ஜத்தை எங்கே வைத்தாலும் ச ச-வாகவே இருப்பதுபோல. கோடுகளைக் கணக்குப் போடத் தெரியாத விவசாயியும் வடிவத்தைப் பார்த்து நான்கு குரலில் பாடிவிடுவார். இந்தப் புத்தகங்களை விற்பதற்காகவே டென்னஸியின் லாரன்ஸ்பர்க்கில் ஜேம்ஸ் டி. வான் 1910இல் சம்பளம் கொடுத்து ஒரு நால்வர் குழுவை ஊர் ஊராக அனுப்பினார். காஸ்பல் என்ற கிறிஸ்தவப் பக்திப் பாட்டை நால்வராகப் பாடும் தெற்கத்திய மரபு அங்கிருந்து வளர்ந்தது. 1927இல் பிரிஸ்டல் நகரத்தில் ரால்ஃப் பியர் விக்டர் இசைத்தட்டு நிறுவனத்துக்காகப் பதிவு எடுத்தபோது கார்ட்டர் குடும்பமும் ஜிம்மி ராட்ஜர்ஸும் வந்தார்கள், சபைப் பாடகர்களும் வந்தார்கள். எல்லாருக்கும் ஒரே ஒலிவாங்கி. நாஷ்வில்லின் ரைமன் அரங்கமும் 1892இல் எழுப்புதல் கூட்டங்களுக்காகக் கட்டிய ஆராதனைக் கட்டடம்தான். கிராண்ட் ஓல் ஆப்ரி என்ற கண்ட்ரி இசை வானொலி நிகழ்ச்சி 1943 முதல் 1974 வரை அங்கேதான் நடந்தது. ரசிகர்கள் உட்கார்ந்தது ஆலய பெஞ்சுகளில்.

இனி விசுவாசம். பாப்டிஸ்ட், பெந்தெகொஸ்தே சபைகளில் சாட்சி சொல்வது எவ்வளவு முக்கியம் என்று உங்களுக்கே தெரியும். "நான் இப்படி இருந்தேன், கர்த்தர் இப்படி மாற்றினார்" என்பதில் முதல் பாதி இல்லாமல் இரண்டாம் பாதி கிடையாது. கண்ட்ரி அந்த முதல் பாதியை விரிவாகப் பாடுகிறது, காஸ்பல் இரண்டாம் பாதியைப் பாடுகிறது. விசுவாசத்திலிருந்து பின்மாறிப் போனவனும் அந்தச் சபைக்கு அந்நியன் அல்ல, அவனுக்காகத்தான் ஒவ்வொரு ஆராதனை முடிவிலும் மனந்திரும்ப அழைப்பு. ஹாங்க் வில்லியம்ஸ் 'ஐ சா த லைட்' (ஒளியைக் கண்டேன்) எழுதியும் குடியை விடவில்லை, 1953 ஜனவரி 1 அன்று 29 வயதில் இறந்தார். மாண்ட்கமரியில் அடக்க ஆராதனையில் அந்தப் பாட்டைத்தான் பாடினார்கள். விடுதலை கிடைத்தவன் பாடுவது ஒரு வகை, விடுதலைக்கு ஏங்குகிறவன் பாடுவது இன்னொரு வகை. இரண்டாவதை வேஷம் என்று தள்ளினால் வேதாகமத்தின் சங்கீதப் புத்தகத்தில் பாதியைக் கிழித்துப் போட வேண்டியிருக்கும்.

தந்திரம் என்பதும் பெரும்பாலும் பொருந்தாது. சந்தை எதிர்ப்பக்கமாகத்தான் இழுத்தது. கண்ட்ரி பாடகர் ஜானி கேஷ் சன் ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்குப் போனபோது காஸ்பல் பாடவே விரும்பினார். அது விற்காது என்று அதன் உரிமையாளர் சாம் பிலிப்ஸ் மறுத்துவிட்டார். கொலம்பியா நிறுவனத்துக்கு மாறிய பிறகுதான், 1959இல், முழு ஞானப்பாட்டு ஆல்பம் வந்தது. ஹாங்க் வில்லியம்ஸின் உபதேசப் பேச்சுப் பதிவுகள் 'லூக் த ட்ரிஃப்டர்' என்ற வேறு பெயரில் வெளிவந்ததற்கும் இதுவே காரணம். ஹாங்க் பெயரைப் பார்த்துத் இசைத்தட்டு வாங்கும் ஜூக்பாக்ஸ்காரருக்கு (காசு போட்டால் பாட்டு ஓடும் பெட்டியை வைத்திருப்பவருக்கு) மதுக்கடையில் பிரசங்கம் ஓடினால் நஷ்டம்.

ஒரு வருத்தத்தையும் சொல்ல வேண்டும். இதை வெள்ளையர் இசை என்றே பலர் எழுதிவிட்டுப் போகிறார்கள். ஏ. பி. கார்ட்டர் மலையூர்களில் பாட்டுச் சேகரித்தபோது கூடவே போய் மெட்டுகளை மனதில் பதித்து வந்தவர் லெஸ்லி ரிடில் என்ற கறுப்பினக் கிட்டார் கலைஞர். கார்ட்டர் வரிகளைக் குறித்துக்கொள்வார், ரிடில் மெட்டை நினைவில் வைப்பார். உரிமைப் பதிவில் ரிடில் பெயர் இல்லை. ரெட் ஃபோலி 1951இல் பாடிய 'பீஸ் இன் த வேலி'யை எழுதிய தாமஸ் டார்ஸியும் கறுப்பினத்தவர். முன்பு 'ஜார்ஜியா டாம்' என்ற பெயரில் ப்ளூஸ் என்ற கறுப்பின மக்களின் இசையில் கொச்சையான பாட்டுகள் பாடியவர். இரட்டை வாழ்க்கை என்ற குற்றச்சாட்டு அவர்மேலும் விழுந்திருக்கலாம். ஆனால் சிகாகோவில் அவர் போட்ட பாதையில்தான் இன்றைய காஸ்பல் நடக்கிறது.

கண்ட்ரியும் காஸ்பலும் ஒன்றுதான் என்பதைக் காதால் நம்ப வேண்டுமானால் 'பாவ சஞ்சலத்தை நீக்க' பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். 1868இல் அமெரிக்கர் சார்லஸ் கான்வர்ஸ் போட்ட மெட்டு அது. ஜி சுருதியில் ஜி (G), சி (C), டி (D) மூன்றே கார்ட் போதும். 'பாவ சஞ்சலத்தை' வரை ஜி, 'நீக்க' என்பதில் சி, அடுத்த அடி ஜியில் தொடங்கி டியில் முடியும். நிமிடத்துக்கு 90 முதல் 100 தட்டு. 1, 3ஆம் தட்டில் ஒற்றை பேஸ் நரம்பு, 2, 4ஆம் தட்டில் கீழ் நரம்புகளை ஒரு வீச்சு. பேஸ் மாறி மாறி வர வேண்டும்: ஜிக்கு 6ஆம் நரம்பு, பிறகு 4, சிக்கு 5, பிறகு 4, டிக்கு 4, பிறகு 5. ஆலயத்தில் பழகிய கை எல்லாத் தட்டிலும் ஆறு நரம்பையும் வீசும். அப்போது பாட்டு பழையபடி ஞானப்பாட்டாகவே நிற்கும்.

(இணையத்தில் தமிழ்க் கிறிஸ்தவப் பாடல்களுக்குக் கார்ட் போடுகிறவர்கள் கார்ட் எந்த அசையில் மாறுகிறது என்று தயவுசெய்து காட்டுங்கள். வரியின் தொடக்கத்தில் மூன்று எழுத்தை வரிசையாக அடுக்கி வைப்பதால் புதிதாகக் கற்கும் பிள்ளைகளுக்கு ஒரு பயனும் இல்லை.)

அதிகம் சறுக்குவது மெட்டுக்கு மேலே பாடும் டெனர் குரலில். மெட்டுக்கு மேலே மூன்றாவது சுரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு பிடித்தால் போதும் என்று நினைப்பார்கள். 'நீக்க'வின் 'நீ'யில் மெட்டு ஜி சுரத்தில் நிற்கிறது, கார்ட் சி. மூன்றாவது என்று எண்ணினால் பி வரும், அது கார்டில் உள்ள சியோடு உரசும். அங்கே டெனர் சியைப் பிடிக்க வேண்டும், 'க்க'வில் மெட்டு இ (E) சுரத்துக்கு இறங்கும்போது டெனர் ஜிக்கு வர வேண்டும். விதி சுலபம்: மெட்டுக்கு மேலே கார்டில் அடுத்து எந்தச் சுரம் இருக்கிறதோ அதுதான் டெனர். பாரிடோன் என்ற நடு ஆண்குரல் மிச்சமான சுரத்தை மெட்டுக்குக் கீழே எடுத்துக்கொள்ளும், பேஸ் என்ற அடிக்குரல் கார்டின் மூல சுரத்தில் நிற்கும்.

பின்னணியைக் குறையுங்கள். கண்ட்ரி இசைக்கலைஞர் பில் மன்றோ தன் குழுவோடு காஸ்பல் நால்வராகப் பதிவு செய்தபோது ஃபிடிலையும் பாஞ்சோவையும் விலக்கிவிட்டு பெரும்பாலும் மேண்டலின், கிட்டாரை மட்டும் வைத்துக்கொண்டார். வரிகள் தெளிவாகக் கேட்க வேண்டும் என்றால் நீங்களும் கீபோர்டின் தாளப் பெட்டியை முதலில் அணையுங்கள்.