அடிமை முறையை எதிர்த்தவர்களில் உங்கள் மனம் கவர்ந்த நாயகர் யார்?

எனக்கு ராபர்ட் ஸ்மால்ஸ்தான். 1839இல் அமெரிக்காவின் தென் கரோலினாவில், பியூஃபோர்ட் ஊரில் அடிமையாகப் பிறந்தவர். அடிமை முறையைக் காக்கத் தென்மாநிலங்கள் வடக்கோடு மோதிய உள்நாட்டுப் போரின்போது, சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் 'பிளான்டர்' என்ற தென்மாநிலப் படையின் நீராவிக் கப்பலைச் செலுத்திக்கொண்டிருந்தார்.

1862 மே 13, விடியும் முன். வெள்ளை அதிகாரிகள் மூவரும் கரையில் தங்கிவிட்டார்கள். ஸ்மால்ஸ் கப்பலைக் கிளப்பி, வழியில் மனைவி, பிள்ளைகளையும் கப்பலில் இருந்த மற்ற அடிமை மாலுமிகளின் குடும்பங்களையும் ஏற்றிக்கொண்டார். தலையில் கேப்டனின் வைக்கோல் தொப்பி. சம்டர் கோட்டையைக் கடக்கும்போது வழக்கமான ஊதல் சைகையைக் கொடுத்தார். இருட்டில் கோட்டைக் காவலர்கள் கேப்டன் என்றே நம்பினார்கள். அப்புறம் வடக்குப் படைக் கப்பல்கள் சுட்டுவிடாமல் இருக்க, வெள்ளைப் படுக்கை விரிப்பைக் கொடியாக ஏற்றினார். அந்த விரிப்பை நினைத்தாலே எனக்குச் சிலிர்க்கும். அப்போது அவருக்கு வயது 23!

தான் தப்பியதோடு அவர் நிற்கவில்லை. கறுப்பின மக்களைப் படையில் சேர்க்கக் கோரி வாஷிங்டன் வரை போனார். 1868இல் மாநில அரசியலமைப்பு மாநாட்டில் எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசப் பள்ளிக்காகப் பாடுபட்டார். பிறகு அமெரிக்க நாடாளுமன்றத்துக்கும் தேர்வானார். நாடாளுமன்றத்துக்குப் போகும் முன்பே, எந்த வீட்டின் பின்கட்டில் அடிமையாகப் பிறந்தாரோ, அதே வீட்டை விலைக்கு வாங்கிக் குடியேறியிருந்தார்.