அக்காவுக்கு வலிப்பு வந்தது, எனக்கும் வருமா?

முதலில் தலைவலி. உங்கள் கடிதத்தில் ஆறு கேள்விகளை விலாவாரியாக எழுதிவிட்டு, கடைசி வரியில் "நாலு நாளாகத் தலைவலி, பாராசிட்டமால் போட்டும் விடவில்லை" என்று போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள். 24 வாரக் கர்ப்பத்தில் அதைத்தான் முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும். இதைப் படித்த கையோடு பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்காவது போய் பிபி பாருங்கள். 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் அன்றைக்கே உங்கள் மகப்பேறு மருத்துவரைப் பார்த்து, சிறுநீரில் புரதம் போகிறதா என்றும், ரத்தத் தட்டணு, கல்லீரல், சிறுநீரக அளவுகள் எப்படி என்றும் சோதிக்க வேண்டும். 160/110-ஐத் தொட்டாலோ, கண்ணில் பூச்சி பறந்தாலோ, பார்வை மங்கினாலோ, மேல்வயிற்றில் வலது விலாவை ஒட்டி வலித்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். வாயுத் தொல்லை என்று ஜெலுசில் குடித்துவிட்டு விடியட்டும் என்று படுக்கிறவர்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது.

சரி, உங்கள் பயத்துக்கு வருகிறேன். அக்காவுக்கு ஏழாம் மாதம் வலிப்பு வந்து குழந்தை தங்கவில்லை. கூடப்பிறந்தவளுக்கு பிரீ எக்லாம்ப்சியா (கர்ப்பத்தில் பிபி ஏறி, முற்றினால் வலிப்பு வரை கொண்டுபோகும் நோய்) வந்திருந்தால் உங்களுக்கு வாய்ப்பு கொஞ்சம் கூடுதல்தான். முதல் கர்ப்பம் என்பதும் சேர்கிறது. வந்தே தீரும் என்று அர்த்தமில்லை. அதைத் தடுக்கத்தான் உங்கள் டாக்டர் 12-ஆவது வாரத்திலேயே ஆஸ்பிரின் எழுதிக் கொடுத்தார். நீங்கள் யூடியூப் பார்த்து நிறுத்தியது அந்த மாத்திரையைத்தான்!

இதய நோயாளிகளுக்குக் கொடுப்பது என்று உங்கள் மாமியார் சொன்னதும் சரிதான், அதே மாத்திரைதான். 2017-இல் வெளிவந்த ஆஸ்ப்ரே ஆய்வில், ஆபத்து அதிகம் என்று ஆரம்பப் பரிசோதனையில் தெரிந்த 1,776 பெண்களில் பாதிப் பேர் 11–14 வாரத்தில் தொடங்கி 36 வாரம் வரை தினமும் இரவில் 150 மில்லிகிராம் ஆஸ்பிரின் சாப்பிட்டார்கள். மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. 37 வாரத்துக்கு முன்பே பிரீ எக்லாம்ப்சியா வந்தவர்கள் வெற்று மாத்திரைக் குழுவில் 4.3 சதவீதம், ஆஸ்பிரின் குழுவில் 1.6. குழந்தைக்கு ரத்தக்கசிவு வருமே என்கிறீர்கள். 9,000-க்கும் அதிகமான பெண்களை வைத்து 1994-இல் முடிந்த கிளாஸ்ப் ஆய்வு, 60 மில்லிகிராம் அளவில் அதையும் தேடிப் பார்த்தது; கூடவில்லை.

வீடியோக்காரர் காட்டிய எச்சரிக்கை நிஜமானதுதான். 20 வாரத்துக்கு மேல் இபுப்ரோஃபென் வகை வலி மாத்திரைகளைத் தவிர்க்கும்படி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-இல் சொன்னது. மருத்துவர் கொடுக்கும் குறைந்த அளவு ஆஸ்பிரினுக்கு அதே அறிவிப்பிலேயே விலக்கு உண்டு. அவர் பாதியைத்தான் படித்திருக்கிறார். நீங்களும் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வலி மாத்திரை வாங்கிப் போடாதீர்கள்.

ஆஸ்பிரின் பத்து நாள் விட்டுப்போனதால் குடி முழுகிவிடவில்லை. பிபி பார்க்கப் போகும்போதே டாக்டரிடம் உள்ளதைச் சொல்லுங்கள்; பெரும்பாலும் மறுபடி தொடங்கச் சொல்வார். விட்ட நாட்களுக்கும் சேர்த்து இரண்டு மடங்காகப் போட வேண்டாம்.

பாராசிட்டமால் போட்டால் ஆட்டிசம் வருமா? ஸ்வீடனில் 1995 முதல் 2019 வரை பிறந்த சுமார் 24.8 லட்சம் குழந்தைகளை ஆராய்ந்தார்கள். பாராசிட்டமாலுக்கும் ஆட்டிசத்துக்கும் இருப்பதுபோலத் தெரிந்த தொடர்பு, ஒரே தாயின் பிள்ளைகளை ஒப்பிட்டபோது காணாமல் போனது. காய்ச்சலுக்கு அளவோடு போடலாம். ஆனால் விடாத தலைவலியை அதை வைத்து அமுக்கக் கூடாது. சாயங்காலக் கால் வீக்கம், நெஞ்செரிச்சல், தூக்கத்தில் மல்லாந்து படுத்துவிட்டது எல்லாம் எல்லோருக்கும் நடப்பவை, விடுங்கள். காலையில் எழும்போதே முகமும் கையும் வீங்கியிருந்தால் மட்டும் பிபி பாருங்கள்.

இன்னொன்று, இந்த வலிப்பு பிரசவத்துக்குப் பிறகும் வரலாம். பிள்ளை பிறந்தபின் ஆறு வாரத்துக்குள் இதே மாதிரித் தலைவலி வந்தால், பச்சை உடம்பு என்று வீட்டிலேயே வைத்திருக்க வேண்டாம் என்று அம்மாவிடம் இப்போதே சொல்லிவையுங்கள். அக்காவின் டிஸ்சார்ஜ் சம்மரி வீட்டில் இருந்தால், டாக்டரிடம் போகும்போது அதையும் எடுத்துப் போங்கள்.