ரெட்டினாய்டு (வைட்டமின் ஏ வகைச் சேர்மம்), லுகேமியா (ரத்தப் புற்று) செல் என்று ஒரே தலைப்பில் ஆராய்ச்சி வாழ்க்கையை ஓட்டுவது வீண் வேலையா?

சேலத்தில் எம்.எஸ்சி. உயிர்வேதியியல் முடித்த உங்களுக்கு வழிகாட்டி இந்தத் தலைப்பைக் கொடுத்திருக்கிறார். நண்பர்களோ "நாற்பது வருஷத்துப் பழைய சரக்கு" என்று கிண்டல் செய்கிறார்கள். நானும் சேலத்துக்காரன்தான். வேலைக்காலத்தில் பெரும்பகுதி வெளியூர் ஆய்வகங்களில் ரெட்டினாயிக் அமிலம் என்ற ரெட்டினாய்டோடு போயிற்று. ஆகவே என் பதிலில் கொஞ்சம் பாசம் கலந்திருக்கும், கழித்துக்கொள்ளுங்கள்.

சரக்கு பழையது என்பது உண்மை. ஒரு நோயாளியின் ரத்தத்திலிருந்து 1977-ல் வளர்த்தெடுத்து, ஆய்வகங்களில் இன்றும் பெருக்கிவரும் ஹெச்எல்-60 என்ற லுகேமியா செல்களில் ரெட்டினாயிக் அமிலத்தை விட்டுப் பார்த்து, 1980-ல் அமெரிக்காவின் பிரைட்மன் குழு கட்டுரை வெளியிட்டது. புற்றுச் செல்கள் உடனே சாகவில்லை. முதிர்ந்து, பெருகுவதை நிறுத்தின. கொல்லாமலே வழிக்குக் கொண்டுவரலாம் என்பது அன்றைக்குப் பெரிய செய்தி. 1985-ல் ஷாங்காயில் வாங் சென்யி என்ற மருத்துவர், லுகேமியா வந்த ஐந்து வயதுச் சிறுமிக்கு இந்த மருந்தைக் கொடுத்தார், பிழைத்தாள். 1988-ல் அவர்கள் வெளியிட்ட கணக்கில், அக்யூட் ப்ரோமைலோசைட்டிக் லுகேமியா என்ற வேகமாக முற்றும் வகை வந்த 24 பேரில் 23 பேருக்கு இது ஒன்றாலேயே நோய் அடங்கியது.

காரணம் அப்போது யாருக்கும் தெரியாது. இந்த நோயில் 15, 17-ஆம் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொள்வதில், ரெட்டினாயிக் அமிலத்தைப் பிடித்துக்கொள்ளும் புரதமான அதன் ஏற்பியே உடைந்து வேறொரு புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது என்பது 1990-91 வாக்கில்தான் தெரியவந்தது. வேடிக்கை என்னவென்றால், ஹெச்எல்-60 செல்லில் அந்தத் துண்டு மாற்றமே கிடையாது! முதலில் இதே நோயின் செல் என்று நினைத்தார்கள், வேறு வகை லுகேமியா என்று பிறகு திருத்தினார்கள். ஆனாலும் மருந்துக்கு மசிகிறது. எனக்கு இந்தத் துறையில் பிடித்ததே இந்தக் கோணல்தான்.

அன்றாட வேலை எப்படி என்றும் கேட்டிருந்தீர்கள். மருந்து வெளிச்சம் பட்டால் கெடும். குழாய்க்கு அலுமினியத் தாள் சுற்றி, பெரிய விளக்கை அணைத்துவிட்டுத்தான் எல்லாம். செல்களுக்கு ஞாயிறு, பொங்கல் எதுவும் தெரியாது, பெருகிக்கொண்டே இருக்கும், இரண்டு மூன்று நாளுக்கொரு தடவை வேறு பாத்திரத்துக்குப் பிரித்துவிட வேண்டும். செல்லுக்கு ஊட்டமாகக் கலக்கும் சீரம் பாட்டில் மாறினால் முடிவும் ஆடும். மருந்து விட்ட நாலைந்து நாளில் முதிர்ந்த செல்லில் மட்டும் நீலமாகும் என்.பி.டி. சாயம் கலந்து மைக்ரோஸ்கோப்பில் பார்ப்போம். முதிராத செல் முக்கால்வாசி உட்கருவாக, வெறும் உருண்டையாக இருக்கும். முதிர்ந்ததில் உட்கரு சுருங்கி வளைந்திருக்கும், உள்ளே சாயம் கருநீலத் துகளாகப் படிந்திருக்கும். நீலம் எத்தனை, வெறுஞ்செல் எத்தனை என்று எண்ண வேண்டியதுதான். கழுத்து வலி நிச்சயம்.

ஊரில் வேறு தொந்தரவு. சூரமங்கலம் உழவர் சந்தையில் ஒரு அம்மா, "ஏனுங்க சார், கேரட்டும் முருங்கைக்கீரையும் தின்னா ரத்தப் புத்து வராதாமே?" என்றார். "கண்ணுக்கு நல்லதுங்கம்மா, புத்துக்கு அது மருந்து இல்லீங்க" என்றேன். கேரட்டிலும் கீரையிலும் இருப்பது, உடம்பில் வைட்டமின் ஏ-வாக மாறும் பீட்டா கரோட்டின். அது ரெட்டினாயிக் அமிலமாக மாறுவதை உடம்பு அளந்துதான் விடும். வைட்டமின் ஏ மாத்திரையை அள்ளிப்போட்டால் ஈரல் கெடும், கருவிலிருக்கும் குழந்தைக்கும் ஆபத்து. மருத்துவமனையில் முறையாகக் கொடுக்கும் ரெட்டினாயிக் அமிலமே சிலருக்குக் காய்ச்சல், மூச்சுத்திணறல் கொண்டுவரும்; உடனே டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு போடுவார்கள்.

பக்கத்திலேயே வேலூர் சி.எம்.சி. இருக்கிறது. அக்யூட் ப்ரோமைலோசைட்டிக் லுகேமியாவுக்கு ஆர்சனிக் ட்ரைஆக்சைடு என்ற பாஷாண மருந்தை மட்டும் கொடுத்து நல்ல பலன் கண்டு, 2006-ல் அவர்கள் எழுதிய கட்டுரையைப் படியுங்கள். 2013-ல் இத்தாலி, ஜெர்மனி குழுவினர் ரெட்டினாயிக் அமிலம், ஆர்சனிக் இரண்டையும் சேர்த்து, அபாயம் அதிகமில்லாத நோயாளிகளை வழக்கமான கீமோ இல்லாமலே சமாளிக்கலாம் என்று காட்டினார்கள்.

அப்படியானால் மிச்சம் என்ன என்பீர்கள். மற்ற வகை அக்யூட் மைலாய்ட் லுகேமியாக்களில் பெரும்பாலானவை ரெட்டினாயிக் அமிலத்துக்கு அசைவதில்லை. மரபணுக்களை அடக்கிவைக்கும் எல்.எஸ்.டி.1 என்ற என்சைமைத் தடுத்தால் அவற்றில் சில இணங்குகின்றன என்று 2012-ல் காட்டியிருக்கிறார்கள். உங்கள் வழிகாட்டி அந்தப் பக்கம் போக விடுவாரா என்று கேளுங்கள். விடுவார் என்றால் யோசிக்காமல் சேர்ந்துவிடுங்கள். ஹெச்எல்-60-ல் மருந்தை விட்டு நீலம் எண்ணுவதோடு சரி என்றால், உங்கள் நண்பர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.