கிணற்றடியில் தொடங்குங்கள்

கேள்வி: காரைக்குடியில் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். கடலுக்கு அடியில் தானாகப் போய்வரும் ரோபோ வாகனங்களில் ஆராய்ச்சி செய்ய ஆசை. “கடலே இல்லாத ஊர்ல இருந்துக்கிட்டு கடலுக்குள்ள என்ன வேலை?” என்கிறார்கள் அப்பச்சி. ஆறு மாத ஏ.ஐ., ரோபாட்டிக்ஸ் வகுப்பு ஒன்றுக்கு 80,000 ரூபாய் கேட்கிறார்கள். சேரலாமா? இந்தத் துறைக்குள் நுழைய என்ன வழி?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தேவகோட்டை

பதில்: வகுப்பில் சேர வேண்டாம். அந்தப் பணத்தில் பாதி இருந்தால் சின்ன வாகனம் ஒன்றையே கட்டிவிடலாம். பைத்தான் நிரல்மொழி, நீருக்கடி வாகனத்தை ஓட்டும் ஆர்டுசப், ரோபோக்களுக்கான ராஸ் போன்ற மென்பொருள்களைக் காசில்லாமல் கற்றுக்கொள்ள முடியும். இந்தத் துறையில் ஆளைச் சோதிப்பது மென்பொருளுக்கு முந்தைய ஒரு விஷயம்: தண்ணீர் உள்ளே போகாத பெட்டி. அதைச் செய்யத் தெரிந்தவர்கள் குறைவு. உங்கள் மெக்கானிக்கல் படிப்பு உதவும் இடமும் அதுதான்.

பெட்டிக்கு 110 மி.மீ. பி.வி.சி. குழாயில் 40 செ.மீ. துண்டு போதும். இரு முனைக்கும் 10 மி.மீ. அக்ரிலிக் தட்டு, லேத்தில் வெட்டிய காடியில் ஓ-ரிங் என்னும் ரப்பர் வளையம். ஓ-ரிங் மேல் சிலிக்கான் கிரீஸை விரலால் மெல்லிசாகத் தடவினால் போதும், அப்பினால் மணல்தான் ஒட்டும். ஒரு தலைமுடி குறுக்கே கிடந்தாலும் கசியும். மூடுவதற்கு முன் வெளிச்சத்தில் சுற்றிப் பார்த்துவிட்டு மூடுங்கள்.

எலெக்ட்ரானிக்ஸ் எதையும் வைக்காமல் வெறும் பெட்டியைத்தான் முதலில் சோதிக்க வேண்டும். அதற்கு உங்கள் வீட்டுக் கிணறு போதும். உள்ளே டிஷ்யூ பேப்பர் போட்டு மூடுங்கள். அந்தக் குழாய் சுமார் 3.8 லிட்டர் தண்ணீரை விலக்கும், அதனால் மிதக்கப் பார்க்கும். கருங்கல்லும் தண்ணீருக்குள் தன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழந்துவிடும். ஆகவே 7 கிலோ கல் கட்டுங்கள், புழக்கத்தில் இல்லாத அம்மிக்குழவி இருந்தால் எடை போட்டுப் பார்த்து அதையே கட்டலாம். தண்ணீர் மட்டத்துக்குக் கீழே 10 மீட்டர் இறக்கினால் கூடுதலாக ஒரு பார் அழுத்தம் கிடைக்கும். அப்போது ஒவ்வொரு மூடியின் மீதும் கிட்டத்தட்ட 95 கிலோ சுமை உட்காரும். உங்கள் கிணற்றில் அவ்வளவு தண்ணீர் இல்லையென்றால் இருக்கிற ஆழத்துக்கு இறக்குங்கள். ஒரு மணி நேரம் கழித்துத் தூக்கி, வெளிப்புறத்தை நன்றாகத் துடைத்த பிறகு திறங்கள். துடைக்காமல் திறந்தால் விளிம்பில் நிற்கும் துளி உள்ளே விழுந்து, கசியாத பெட்டியைக் கசிந்தது என்று சொல்ல வைக்கும்.

மூடியைவிட அதிகமாக ஏமாற்றுவது வயர். வயரின் வெளியுறையைச் சுற்றி அரால்டைட் ஊற்றி அடைத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருப்போம். உறைக்குள் இருக்கும் செம்பு இழைகளுக்கு நடுவே மெல்லிய இடைவெளி உண்டு. வெளியே எங்காவது உறை கீறியிருந்தால், தண்ணீர் விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல அந்த இழைகள் வழியாகவே பெட்டிக்குள் வந்துவிடும். அடைக்கும் இடத்தில் உறையை ஒரு செ.மீ. உரித்து, இழைகளுக்குள் ஈயம் இறங்கும்படி சால்டர் செய்து, அதன்மேல் எபாக்ஸி ஊற்றுங்கள். மாதக்கணக்காகக் காரணம் தெரியாமல் தேடப்படும் பல கசிவுகள் இந்த ஒரு செ.மீ.யில் முடிந்துவிடும்.

நம் ஊர் வெயிலுக்கென்று தனியாக ஒரு தொல்லை. மத்தியான நேரத்தில் சூடான ஈரக்காற்றோடு மூடிய பெட்டி குளிர்ந்த தண்ணீருக்குள் போனதும், கேமரா கண்ணாடியின் உள்பக்கம் பனி படியும். காலையில் மூடுங்கள், சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போடுங்கள். மூடிய பெட்டியை வெயிலில் விட்டால் உள்ளே காற்று விரிந்து மூடியைத் தள்ளிவிடும். காற்றை வெளியேற்ற ஒரு திருகு அடைப்பான் வைத்தாக வேண்டும். லித்தியம் பேட்டரி வைத்த பிறகு அது வசதிக்கு அல்ல, பாதுகாப்புக்கு.

மோட்டாருக்கு, படகில் தேங்கும் தண்ணீரை இறைக்கும் 12 வோல்ட் பில்ஜ் பம்பு நான்கு வாங்கி, இறக்கையை மாற்றிப் பொருத்தலாம். ஒவ்வொன்றும் 3 ஆம்பியர் எடுத்தால் மொத்தம் 12. 10 ஆம்பியர்-மணி பேட்டரியில் 80 சதவீதத்தைத்தான் செலவழிக்கலாம் என்று வைத்தால் ஓட்டம் 40 நிமிடம். வாகனம் திரும்பி வரவும் அதற்குள்தான்.

ஓட்டிப் பார்க்கக் குடிநீர் ஊருணியில் இறங்காதீர்கள். கால்கூட நனைக்காமல் ஊர் காப்பாற்றும் தண்ணீர் அது, கிரீஸுக்கும் பேட்டரிக்கும் அங்கே இடமில்லை. குளிக்கிற ஊருணியாகப் பார்த்து, ஊரில் பெரியவர்களிடம் கேட்டுக்கொண்டு இறக்குங்கள். செம்மண் கலங்கலில் ஒரு முழத்துக்கு அப்பால் கேமராவுக்கு எதுவும் தெரியாது. பெரிய கடல் வாகனங்கள் ஏன் ஒலியை நம்பி ஓடுகின்றன என்பது அங்கே விளங்கும். ஜி.பி.எஸ். அலை தண்ணீருக்குள் இறங்காது. ஒலி நொடிக்கு சுமார் 1,500 மீட்டர் போகும். ஒன்றரை கி.மீ. தள்ளி இருக்கும் வாகனத்திடம் ‘எங்கே இருக்கிறாய்’ என்று கேட்டால் பதில் வர 2 நொடி ஆகும். அதனால் வாகனம் தன் திசையையும் வேகத்தையும் வைத்துத் தானே கணக்குப் போட்டுக்கொண்டு போகிறது. திசைகாட்டியில் 2 டிகிரி பிசகினால் 500 மீட்டரில் 17 மீட்டர் விலகிவிடும். அந்தப் பிசகுக்குப் பெரும்பாலும் காரணம், மோட்டார் வயர் திசைகாட்டிக்குப் பக்கத்தில் ஓடுவதுதான். வயர்களை இரண்டிரண்டாக முறுக்குங்கள், திசைகாட்டியை எட்ட வையுங்கள்.

அப்பச்சியின் கேள்விக்கு வருகிறேன். தேவகோட்டையிலிருந்து பஸ் ஏறினால் தொண்டி. அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை அங்கேதான் இருக்கிறது. பாக் விரிகுடா ஆழம் குறைந்த கடல், கடற்புல் வெளி, ஆவுளியா என்னும் கடல்பசு மேயும் இடம். 2022-ல் அங்கே 448 ச.கி.மீ. பரப்பை ஆவுளியா பாதுகாப்பகமாக அரசு அறிவித்தது. கடற்புல் எங்கே அடர்ந்திருக்கிறது, எங்கே அழிகிறது என்று படமெடுத்துத் தருவது சின்ன வாகனத்துக்கு ஏற்ற ஆராய்ச்சித் தலைப்பு. ஊருணியில் சரியாக நின்ற வாகனம் அங்கே கூடுதலாக மிதக்கும், கடல்நீர் இரண்டரை சதவீதம் கனம். 8 கிலோ வாகனத்துக்கு 200 கிராம் எடை சேர்க்க வேண்டும்.

இன்னொன்று, நீங்கள் தினம் பஸ்ஸில் தாண்டிப் போகும் காரைக்குடி சிக்ரி. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1953-ல் திறக்கப்பட்ட மின்வேதியியல் ஆய்வகம். பேட்டரியும் துருவும் அவர்கள் வேலை, கடல் வாகனத்துக்குத் தலைவலியும் அவை இரண்டும்தான். அலுமினியச் சட்டத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட் போட்டுக் கடலில் விட்டால், போல்ட்டைச் சுற்றி அலுமினியம் பொடியாக உதிரும். இந்த மாதிரி ஒரு சிக்கலைப் பிடித்துக்கொண்டு போய் அங்கே கோடைக்கால புராஜெக்ட் கேளுங்கள். ‘ரோபாட்டிக்ஸில் ஆர்வம்’ என்று எழுதும் நூறு கடிதங்களுக்கு நடுவே அது தனியாகத் தெரியும்.

படிப்பு வழி நேரானது. கேட் நுழைவுத் தேர்வு எழுதி எம்.டெக். அல்லது ஆராய்ச்சி எம்.எஸ்., சென்னை ஐ.ஐ.டி.யின் கடல்சார் பொறியியல் துறை முதல் குறி. மெக்கானிக்கல் தாளே போதும். கன்ட்ரோல், சிக்னல் பாடங்கள் இரண்டையும் இப்போதே எலெக்டிவாக எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அங்கே போய் மூச்சு முட்டும். ஆய்வு உதவித்தொகை 2023 முதல் ஜே.ஆர்.எஃப். என்னும் இளநிலை ஆய்வாளர் நிலையில் மாதம் 37,000 ரூபாய். பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் திட்ட விஞ்ஞானிகளை ஒப்பந்தத்தில் எடுக்கிறது. அவர்களுடைய ரோசப் 6000, கேபிள் கட்டி மேலிருந்து ஓட்டும் வாகனம், 2010-ல் 5,289 மீட்டர் வரை போனது. இப்போது மத்ஸ்யா 6000: மூன்று பேர் உட்காரும் டைட்டானியம் கோளம், 2.1 மீட்டர் விட்டம், 80 மி.மீ. கனம். அணை, துறைமுகச் சுவர்களைப் பார்வையிடும் தனியார் நிறுவனங்கள் சென்னையிலும் கொச்சியிலும் உண்டு. அங்கே வேலைக்குச் சேர முனைவர் பட்டம் வேண்டியதில்லை.

ஒன்றை மறைக்காமல் வீட்டில் சொல்லிவிடுங்கள். வாரக்கணக்காகக் கப்பலில் இருக்க வேண்டிவரும், வாந்தி வரும், வாகனம் திரும்பாமலும் போகும். அமெரிக்காவின் ஆழ்கடல் ரோபோ வாகனம் நீரியஸ் 2014-ல் 9,900 மீட்டரில் நொறுங்கியது.

பேராசிரியர்களுக்கு எழுதும்போது சான்றிதழ்களை வரிசையாக அடுக்காதீர்கள். ஒரே பக்கம்: ஊருணி ஓட்டத்தில் வாகனம் பதிவு செய்த ஆழக் கோடு, திசைக் கோடு, எந்த நிமிடத்தில் ஏன் விலகியது, அடுத்த ஓட்டத்துக்கு எதை மாற்றினீர்கள். கோடை இடங்கள் முன்னதாகவே நிரம்பிவிடும், ஜனவரிக்குள் அனுப்பிவிடுங்கள். கிணற்றுச் சோதனையை இந்த மாதமே வைத்துக்கொள்ளுங்கள், கயிற்றின் மறுமுனையை அப்பச்சி பிடிக்கட்டும்.